இங்கிலீஷ் நோட்டை எடுத்தாலே பையனுக்கு வயிற்றுவலி: வீட்டில் எப்படிப் பழக்குவது?

பனியன்_ஊர்க்காரன் (திருப்பூர்) · ஞாயிறு இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசித்துவிட்டுப் போகிறவன் நான், எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இரண்டாம் வகுப்பு வரை தாராபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தான். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சேர்ந்தவன், அதனால் பாட்டு, பொம்மை, அட்டை என்று குஷியாகப் போய்வந்தான். நான் மட்டும் திருப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தேன். அப்பா தவறிய பிறகு அம்மா உட்பட எல்லோரும் இங்கேயே வந்துவிட்டோம். பையனை ஒரு ஆங்கில வழிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். கஷ்டம் அன்றைக்கு ஆரம்பித்தது.

தமிழில் அவன் கெட்டி. டீக்கடை வாசலில் தொங்கும் பேப்பர் போஸ்டரைக்கூட நின்று படித்துவிட்டுத்தான் வருவான். கணக்கும் பரவாயில்லை. ஆனால் அந்த நாலு கோடு நோட்டை எடுத்தால் போதும், தாகம் எடுக்கும், பென்சில் முனை ஒடியும், கடைசியில் வயிறு வலிக்கும். நடிப்பு என்றுதான் நினைத்தேன். போன மாதம் டிக்டேஷன் இருந்த அன்று காலையில் நிஜமாகவே வாந்தி எடுத்துவிட்டான்.

கம்பெனி விட்டு வந்து தினமும் எட்டு மணிக்கு நானே உட்கார வைக்கிறேன். "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன, அதுக்கு என்ன" என்று கேட்டுக் கேட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தெரிந்ததைக்கூட சொல்ல மாட்டேன் என்கிறான். போன வாரம் ஸ்கேலால் கையில் ஒன்று வைத்துவிட்டேன். மறைக்க விரும்பவில்லை, அதனால் எழுதுகிறேன். அழவில்லை அவன். "எனக்கு வராதுப்பா, விட்டுரு" என்றான். அது இன்னும் காதிலேயே இருக்கிறது.

நான் செக்கிங் சூப்பர்வைசர். பத்தாவது வரை தமிழ் மீடியம். என் இங்கிலீஷும் அரைகுறைதான். டியூஷன் சேர்க்கலாமா, மொபைலில் ஏதாவது ஆப் போட்டுக் கொடுக்கலாமா, தப்பும் தவறுமாகவாவது வீட்டில் நாங்கள் இங்கிலீஷில் பேசலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ஃபில்டர்_காபி (சேலம்) · ஞாயிறு இரவு 11:05

டியூஷன் வேண்டாம் அண்ணா. பள்ளியில் ஆறு மணி நேரம் பயந்த பிள்ளையை இன்னொரு இடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் பயப்பட விடுவதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா? என் மகளை அப்படித்தான் கெடுத்தேன். ஆப்பும் அப்படியே. முதல் வாரம் பச்சைக்கிளி போல் பேசுவாள், இரண்டாம் வாரம் அதே மொபைலில் கேம்.


ரிடயர்டு_எச்எம் (பெரம்பலூர்) · திங்கள் காலை 5:50

தம்பி, அடித்ததை ஒளிக்காமல் எழுதியதற்கு ஒரு நன்றி. முப்பத்து நாலு வருடம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். எத்தனை பிரம்பு ஒடித்திருக்கிறேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆகவே உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எட்டு மணிக்கு உட்கார்ந்ததும் நீங்கள் செய்வது சொல்லிக்கொடுப்பதா, பரீட்சை வைப்பதா? "இதுக்கு இங்கிலீஷ்ல என்ன" என்பது கேள்வித்தாள். உங்கள் மகனுக்குப் பகலில் ஒரு பரீட்சை, ராத்திரி ஒரு பரீட்சை. நடுவில் பாடம் எப்போது நடக்கிறது?

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் எங்கள் பள்ளிக்கு வந்தது. பெஞ்சை ஓரம் தள்ளிவிட்டு அட்டைகளோடு பிள்ளைகள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள் என்றார்கள். எனக்கு முட்டிவலி, திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு கேட்டபோது வாயைத் திறக்காத இரண்டு மூன்று பிள்ளைகள், நான் கீழே உட்கார்ந்த முதல் வாரத்திலேயே பேச ஆரம்பித்தார்கள். அந்த முறை எவ்வளவு நல்லது, எவ்வளவு கெட்டது என்று ஆசிரியர்களுக்குள் இன்றும் சண்டை உண்டு. அந்த வாரம் மட்டும் எனக்கு மறக்கவில்லை.

இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, அவன் எந்த இடத்தில் தடுக்கினான்? முதலில் முயற்சி செய்தானா, ஏதாவது கேள்வி கேட்டானா? இரண்டு, போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதும்போது சரியாக எழுதுகிறானா?


பனியன்_ஊர்க்காரன் (திருப்பூர்) · திங்கள் இரவு 9:30

ஐயா, நீங்கள் கேட்டதும்தான் ஞாபகம் வந்தது. சேர்ந்த புதிதில் ஒரு நாள், "அப்பா, பூனைக்கு சி, ஏ, டி மூணையும் சேர்த்தா சியேட்டின்னுதானே வரணும்? எப்படி கேட்னு வருது?" என்று கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அது அப்படித்தான்டா, மனப்பாடம் பண்ணு" என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவன் எதுவும் கேட்டதாக நினைவில்லை.

போர்டு விஷயம்: வகுப்பு நோட்டில் பாதிச் சொற்கள் எழுத்து மாறித்தான் இருக்கும். கவனக்குறைவு என்று டைரியில் நாலைந்து தடவை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் புத்தகத்தைப் பார்த்து எழுதினால் அவ்வளவு தப்பு வருவதில்லை.


தாமரைக்குளம் (தஞ்சாவூர்) · திங்கள் இரவு 9:48

அண்ணா, வேறு எதையும் செய்வதற்கு முன்னால் கண்ணைக் காட்டுங்கள். புத்தகத்தில் சரி, போர்டில் தப்பு என்றால் அது கவனக்குறைவு ஆகாது. என் மகளுக்கு இதேதான். ஒன்றரை வருடம் சோம்பேறி என்று பெயர் வாங்கினாள். கடைசியில் கிட்டப்பார்வை. சின்னப் பிள்ளைகளுக்குத் தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்பதே தெரியாது, எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளும்.

தமிழ் பாடத்தில் இவ்வளவு தெரியாது, ஏனென்றால் அவனுக்குத் தமிழ் பாதியை ஊகிக்க முடியும். தெரியாத மொழியில் ஓர் எழுத்து மங்கினாலும் சொல் போய்விடும்.

கண்ணில் எதுவும் இல்லை, ஆனாலும் எழுத்து புரண்டு புரண்டு வருகிறது என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில், அரசு மருத்துவக் கல்லூரிகளில் டி.இ.ஐ.சி. என்று ஒரு பிரிவு உண்டு, பிள்ளைகளுக்கு இலவசமாகப் பார்ப்பார்கள். தமிழில் நன்றாக வாசிக்கிறான் என்பதால் எனக்கென்னவோ அது இருக்காது என்று தோன்றுகிறது. டாக்டர்தான் சொல்ல வேண்டும்.


திண்ணைப்பேச்சு (கும்பகோணம்) · செவ்வாய் காலை 7:15

எல்லோரும் வைத்தியம் சொல்கிறீர்கள், நோயை யாரும் சொல்லவில்லை. தமிழில் பேப்பர் போஸ்டர் படிக்கும் பிள்ளையைக் கொண்டுபோய், ஒரு வார்த்தை புரியாத வகுப்பில் உட்கார வைத்தது யார்? ஆரம்பக் கல்வி தாய்மொழியில் இருக்க வேண்டும் என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. நாம்தான் ஷூவையும் டையையும் பார்த்து மயங்குகிறோம். பேசாமல் தமிழ் வழியில் திரும்பச் சேருங்கள். வயிற்றுவலி அன்றைக்கே நின்றுவிடும்.


மலைக்கோட்டைக்காரி (திருச்சி) · செவ்வாய் காலை 8:02

நின்றுவிடும் சார். எட்டு வருடம் கழித்துத் திரும்ப வரும்.

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் வழி. கணக்கில் 200-க்கு 194. இன்ஜினியரிங் முதல் செமஸ்டர், லேப் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேள்வி புரிந்தது, பதில் தமிழில் வரிசையாக மனதில் நின்றது. வாயைத் திறக்க முடியவில்லை. எதிரே இருந்தவர் "நெக்ஸ்ட்" என்றார். அவ்வளவுதான். அன்று ஹாஸ்டல் மொட்டை மாடியில் அழுதது எனக்குத்தான் தெரியும். நீங்கள் சொல்லும் கொள்கை எனக்கும் பிடித்த கொள்கைதான். ஆனால் கொள்கைக்கு வைவா கிடையாது.


திண்ணைப்பேச்சு · செவ்வாய் காலை 8:20

அம்மா, உங்களுக்கு நடந்தது தமிழ் வழியின் குற்றமா, இங்கிலீஷைப் பன்னிரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தும் பேச வைக்காதவர்களின் குற்றமா? தமிழ் வழியில் படித்துக்கொண்டே இங்கிலீஷை ஒரு பாடமாக ஒழுங்காகக் கற்க முடியாதா என்ன?


மலைக்கோட்டைக்காரி · செவ்வாய் காலை 8:31

முடியும். அதைத்தான் இந்த அண்ணனும் கேட்கிறார், வீட்டில் எப்படி ஒழுங்காகக் கற்பது என்று. அதற்குப் பதில் சொல்லுங்களேன்.


ரிடயர்டு_எச்எம் (பெரம்பலூர்) · செவ்வாய் மாலை 4:10

சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள், நானும் வருகிறேன். எந்த மீடியம் என்பதைப் பெற்றவர்கள் நிதானமாக யோசிக்கட்டும். என் மனமெல்லாம் அந்தப் பையன் கேட்ட "சியேட்டி" கேள்வியில் நிற்கிறது. தம்பி, உங்கள் மகன் மக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பத்து நாலு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் ஐந்தாறு பேர்தான்.

யோசித்துப் பாருங்கள். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று. 'க' என்பதன் பெயர் க, அதன் ஒலியும் க. 'ம்', 'மா', 'அம்மா', முடிந்தது. தமிழை நன்றாகப் படித்த பிள்ளை அதே நியாயத்தை இங்கிலீஷிலும் எதிர்பார்க்கிறான். இங்கிலீஷ் எழுத்துக்குப் பெயர் வேறு, ஒலி வேறு. 'எச்' என்ற பெயரில் ஹ என்ற ஒலியே இல்லை. 'டபிள்யூ' என்கிறோம், சொல்லில் வரும்போது அது வகரம் மாதிரி ஒலிக்கிறது. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆளின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் குரலை அடையாளம் கண்டுபிடி என்றால் எப்படி? ஆக முதல் வேலை, 26 எழுத்துக்கும் ஒலியைச் சொல்லிக்கொடுங்கள். ஃபோனிக்ஸ் என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருவது அடிப்படையில் இதைத்தான். ஒலிகள் மொத்தம் நாற்பத்து நாலு என்பார்கள், எழுத்து இருபத்தாறுதான். அதனால் பற்றாக்குறை, அதனால் குளறுபடி.

அடுத்தது ஒரு விளையாட்டு. அவனைப் 'பம்பரம்' என்று சொல்லச் சொல்லுங்கள். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொல்லட்டும். முதல் ப-வும் நடுவில் வரும் ப-வும் ஒன்றா? நடுவில் உள்ளதற்குத் தொண்டை அதிரும். நாம் இரண்டுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு, இடம் பார்த்து மாற்றிச் சொல்கிறோம். இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து வைத்திருக்கிறான். அப்புறம் அக்கா, தங்கம், பகல். மூன்றிலும் க. மூன்று விதமாக ஒலிக்கிறது. அங்கே கே, ஜி, எச் என்று மூன்று எழுத்து.

இதைச் சொல்லும்போது பரீட்சை மாதிரி கேட்காதீர்கள். நீங்களும் தொண்டையில் கை வைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கக் கூடாது. உங்களால் முடியுமா பார்க்கலாம்.


ஃபில்டர்_காபி (சேலம்) · செவ்வாய் மாலை 4:40

ஆபீஸில் உட்கார்ந்து தொண்டையில் கை வைத்து பம்பரம் பம்பரம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பக்கத்து சீட்காரர் தண்ணீர் வேண்டுமா என்கிறார்.


தேக்கா_அம்மா (சிங்கப்பூர்) · செவ்வாய் இரவு 10:15

எங்களுக்கு நேர் எதிர்க் கதை. இங்கே பள்ளி முழுக்க ஆங்கிலம், தமிழ் தாய்மொழிப் பாடம். என் மகள் தமிழ் வகுப்பு என்றால் வயிறு வலிக்கிறது என்பாள்! உங்கள் பையன் வார்த்தைக்கு வார்த்தை அவளைப் போலவே இருக்கிறான், மொழி மட்டும் வேறு. ஆக இங்கிலீஷ் கஷ்டமான மொழி, தமிழ் எளிய மொழி என்பதெல்லாம் இல்லை. எந்த மொழியில் தப்பு செய்தால் சிரிக்கிறார்களோ அந்த மொழிக்கு வயிறு வலிக்கும்.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று. என் மாமியார் ஊரிலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. லிஃப்ட், எம்.ஆர்.டி. ரயில், கடை எல்லாவற்றுக்கும் பேத்திதான் துணை. மகளுக்கு அப்போது தமிழ் தேவைப்பட்டது, அதனால் வந்தது. உங்கள் வீட்டில் அப்பத்தா இருக்கிறாரே. அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியுமா? தெரியாது என்றால் பையனை வாத்தியாராக்குங்கள். அவனைவிடக் குறைவாகத் தெரிந்த ஓர் ஆள் வீட்டில் இருப்பது பெரிய வரம்.


நூலகத்து_எலி (மதுரை) · புதன் காலை 11:00

புத்தகம் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை தமிழிலும் இருக்கும், இங்கிலீஷிலும் இருக்கும். முதலில் தமிழில் வாசிக்கட்டும். கதை தெரிந்துவிட்டால் பயம் பாதி போய்விடும். இரண்டு நாள் கழித்து அதே படங்களோடு இங்கிலீஷ். சென்னையில் துளிகா பதிப்பகம் ஒரே பக்கத்தில் இரு மொழியும் உள்ள புத்தகங்கள் போடுகிறது. மதுரைப் பக்கம் வந்தால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். 2023-ல் திறந்தது. பிள்ளைகளைத் திரும்ப வெளியே கிளப்புவதுதான் சிரமம்.

ஒரு எச்சரிக்கை. ஒன்பது வயதுப் பையனிடம் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி உள்ள புத்தகத்தைக் கொடுத்தால் அவனுக்குக் கூச்சமாக இருக்கும், எல்.கே.ஜி. புத்தகம் என்று தள்ளிவிடுவான். பக்கத்து வீட்டில் மூன்று நான்கு வயதுக் குழந்தை ஏதாவது இருந்தால் "அந்தப் பாப்பாவுக்குப் படித்துக் காட்டுடா" என்று சொல்லுங்கள். கௌரவமும் போகாது, எளிய புத்தகமும் வாசித்த மாதிரி.

அப்புறம், ஒலி சேர்த்து வாசிக்கவே முடியாத சின்னச் சொற்கள் நிறைய உண்டு. 'தி', 'வாஸ்', 'கம்' இப்படி. அமெரிக்காவில் எட்வர்டு டால்ச் என்ற பேராசிரியர் 1930-களில் இப்படி அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்தார். பெயர்ச்சொற்களைத் தனியே 95 என்று வைத்தார். எந்தப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தாலும் பாதிக்கு மேல் இந்த 220-தான் திரும்பத் திரும்ப வரும். எச்.எம். ஐயா சொன்ன ஒலி முறையோடு இதையும் கண் பழக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு சொல் போதும்.


திண்ணைப்பேச்சு (கும்பகோணம்) · புதன் மதியம் 1:25

சரி, நானும் உருப்படியாக ஒன்று சொல்கிறேன், இல்லாவிட்டால் திருச்சி அம்மா விட மாட்டார்.

கத்தி என்பதற்கான இங்கிலீஷ் சொல்லின் முன்னால் ஒரு 'கே' சும்மா நிற்கிறதே, ஏன் என்று என் பேரன் கேட்டான். ஒரு காலத்தில் அது சும்மா நிற்கவில்லை. வாய்விட்டு 'க்நைஃப்' என்றுதான் சொன்னார்கள். இங்கிலாந்துக்கு 1476-ல் காக்ஸ்டன் என்பவர் அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்துவிட்டது, உச்சரிப்பு நடையைக் கட்டிவிட்டது. இவர்கள் செய்த குழப்பத்துக்கு நம் பிள்ளைகள் இம்போசிஷன் எழுதுகிறார்கள். இதை அப்படியே பையனிடம் சொல்லுங்கள். தப்பு தன்மேல் இல்லை, அந்த மொழிமேல் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு ஒரு தெம்பு வரும். என் பேரன் இப்போதும் வேண்டுமென்றே 'க்நைஃப்' என்றுதான் கேட்கிறான். ஸ்பெல்லிங் மட்டும் தப்புவதில்லை.

கட்டுமரம் அங்கே போய் 'கேட்டமரான்' ஆனதையும், சுருட்டு 'செரூட்' ஆனதையும், மிளகுத் தண்ணீர் 'முல்லிகடானி' ஆனதையும் சொல்லுங்கள். நம்முடைய நாம், நாங்கள் இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தான். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லோரும் ஆன்ட்டி. ஏழைப்பட்ட மொழி என்று பையன் கொஞ்சம் பரிதாபப்படட்டும்.


மலைக்கோட்டைக்காரி (திருச்சி) · புதன் மதியம் 1:40

இது பதில்! கும்பிட்டுக்கொள்கிறேன் சார்.

அண்ணா, டிவி பார்ப்பான் என்றால் இங்கிலீஷ் கார்ட்டூனுக்கு இங்கிலீஷ் எழுத்தையே கீழே ஓட விடுங்கள், தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கேட்கும் மொழியிலேயே எழுத்தும் ஓடினால் கண் தானாக அதைத் தொடரும். ஐ.ஐ.எம். அகமதாபாத்தில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி 1996-லிருந்து இதைத்தான் சொல்லி வருகிறார். சினிமாப் பாட்டுக்கு அதே மொழியில் வரிகளை ஓட விட்டு, எழுத்து மறந்தவர்களை வாசிக்க வைப்பது அவர் வழி. "புரிஞ்சுதா, என்ன சொன்னான்" என்று மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்காதீர்கள்.


பனியன்_ஊர்க்காரன் (திருப்பூர்) · மறு வாரம் ஞாயிறு இரவு 9:55

ஐயா, ஒரு வாரம் கேள்வி கேட்காமல் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், பீடி விட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. பம்பரம் விளையாட்டு இரண்டாம் நாள் செய்தோம். அம்மாவும் தொண்டையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ தமிழ்ல ரெண்டு சத்தத்துக்கு ஒரே எழுத்து. இங்கிலீஷ்ல சி-ங்கற ஒரே எழுத்துக்கு ரெண்டு சத்தம். ரெண்டு பேருமே ஏமாத்துறாங்க" என்றான். நான் சிரித்துவிட்டேன். எட்டு மணிக்கு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

இன்னொன்று தற்செயலாக நடந்தது. ஆர்டர் முடிந்ததும் மிச்சம் விழும் லேபிள்களை எங்கள் செக்‌ஷனில் கூட்டிக் குப்பையில் போடுவோம். சைஸ் லேபிள், வாஷ் கேர் லேபிள் எல்லாம். பழைய ஆர்டரில் மிச்சமானதில் ஒரு கைப்பிடி பையில் கிடந்தது, அவன் எடுத்துப் பரப்பிவிட்டான். தொட்டியில் 30 என்று போட்ட படம், முக்கோணத்தில் பெருக்கல் குறி, இஸ்திரிப்பெட்டியில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. அதெல்லாம் என்ன என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக இங்கிலீஷ் சம்பந்தப்பட்ட ஒன்றில் எனக்குப் பதில் தெரிந்திருந்தது! முக்கோணம் ப்ளீச், பெருக்கல் போட்டால் போடாதே. புள்ளி கூடக் கூடச் சூடு கூடும், மூணு புள்ளி இருந்தால் நல்ல சூட்டில் தேய்க்கலாம். படத்தை நான் சொன்னேன், பக்கத்தில் இருந்த எழுத்தை அவன் ஒலி சேர்த்துக் கண்டுபிடித்தான். 'டூ நாட்' என்பதை எட்டு லேபிளில் பார்த்த பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. டூ நாட் ப்ளீச், டூ நாட் அயர்ன், டூ நாட் டம்பிள் ட்ரை. அப்பத்தாவிடம் போய் "டூ நாட் திட்டு" என்கிறான்.

இப்போது ஒரு பழைய டைரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் ஒரு லேபிள், கீழே தமிழில் அர்த்தம். நான் சொல்லவில்லை, அவனாகச் செய்வது.

கண் டாக்டரிடம் வரும் சனிக்கிழமை போகிறோம், தாமரைக்குளம் அக்கா.


ரிடயர்டு_எச்எம் (பெரம்பலூர்) · திங்கள் காலை 5:35

அந்த டைரியைப் பள்ளிக்கு எடுத்துப்போகச் சொல்லாதீர்கள். யாராவது அதில் சிவப்பு மையால் திருத்திவிடப் போகிறார்கள். நீங்களும் திருத்தாதீர்கள். ஸ்பெல்லிங் தப்பாக இருந்தால் இருக்கட்டும்.


ஃபில்டர்_காபி (சேலம்) · திங்கள் காலை 9:10

பீடியை விட்டதற்கு யாருமே வாழ்த்துச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். வாழ்த்துகள் அண்ணா.


பனியன்_ஊர்க்காரன் (திருப்பூர்) · இரண்டரை மாதம் கழித்து, வெள்ளி இரவு 10:20

இழையை மறந்துவிடவில்லை. ஆடி மாதம் வரை கம்பெனியில் நைட் ஷிஃப்ட், எழுத முடியவில்லை.

கண்ணாடி போட்டாயிற்று. இரண்டு கண்ணிலும் பவர். கடையிலிருந்து வெளியே வந்ததும் எதிரே இருந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "அப்பா, மரத்துல இலை தனித்தனியா இருக்கு" என்றான். ஸ்கேலால் அடித்த கை நினைவுக்கு வந்தது. வேறென்ன சொல்ல.

மார்க் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. 50-க்கு 14 வாங்கிக்கொண்டிருந்தான், இப்போது 21. டிக்டேஷனில் இன்னும் சறுக்குகிறான், டைரியில் இன்னும் எழுதி அனுப்புகிறார்கள், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். வாந்தி நின்றுவிட்டது. வயிற்றுவலி திங்கட்கிழமைகளில் மட்டும் வருகிறது. ஐந்தாவதில் தமிழ் வழிக்கே மாற்றலாமா என்று வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம். திண்ணை சார், உங்கள் பேச்சையும் தள்ளிவிடவில்லை.

எழுத வந்தது நேற்று நடந்ததை. இங்கிலாந்துக்குப் போகும் குழந்தைகள் பைஜாமா ஆர்டரில் சிவப்பு எழுத்தில் ஒரு லேபிள் தைப்போம், 'கீப் அவே ஃப்ரம் ஃபயர்' என்று. அந்த நாட்டுச் சட்டப்படி வைக்க வேண்டியது. அந்த ஆர்டர் போய்விட்டது, கழித்துப் போட்ட ஒரு லேபிளைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவன் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சேர்த்தான். 'ஃபயர்' மட்டும் கொஞ்சம் இழுத்தது. அர்த்தம் புரிந்ததும் ஊக்கு எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போய், அடுப்பு முன்னால் நின்ற அப்பத்தாவின் சேலை முந்தானையில் குத்திவிட்டான்.

"என்னடா எழுதியிருக்கு?" என்றார் அம்மா.

"அடுப்புப் பக்கம் போகக் கூடாதாம். சட்டமாம்."

"அப்போ யாரு சோறாக்கறது?"

பையனுக்குப் பதில் இல்லை. என்னிடம் ஓடிவந்தான். "அப்பா, அப்பத்தா சொன்னதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

நான் கேட்ட கேள்வியை இப்போது அவன் என்னிடம் கேட்கிறான். யோசித்து, சோறுக்கு 'ரைஸ்' என்று ஆரம்பித்தேன். உடனே நிறுத்திவிட்டான். "சோறாக்கறதுன்னா சோறு மட்டும் இல்லப்பா. குழம்பு, ரசம் எல்லாம் சேர்த்துத்தான். அதுக்குச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. திருச்சி அக்கா, உங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறான்.